கட்டளை போட்டால் காதல் வருமா? ஹாலி பிளாக்கின் ‘தி விக்கட் கிங்’

முதல் பாகம் ரொம்பப் பிடித்துவிட்டால் இரண்டாம் பாகத்தை எடுக்கவே கை தயங்கும். காதல் கலந்த மாயாஜாலக் கதைகளில் அந்தத் தயக்கம் இன்னும் அதிகம். முதல் புத்தகம் முழுக்க முறைத்துக்கொண்டு நின்ற இருவரும் ஒரு வழியாக நெருங்கி வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் எழுத்தாளருக்குச் சொல்ல என்ன இருக்கும்? பழைய காதலி ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துவார், அல்லது ஒரே ஒரு சந்தேகத்தை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு இழுப்பார். ஹாலி பிளாக் அந்தப் பக்கமே போகவில்லை. 2018 ஜனவரியில் வந்த ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ நாவலின் தொடர்ச்சியாக, சரியாக ஒரு வருடம் கழித்து 2019 ஜனவரியில் ‘தி விக்கட் கிங்’ வந்தது. முதல் பாகத்தைவிட இதுதான் நல்ல புத்தகம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இந்தத் தொடரை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள். “சித்தி, உங்களுக்குத்தான் அரண்மனைச் சதின்னா உயிராச்சே, இதைப் படிச்சுப் பாருங்க” என்றாள். சரித்திர நாவல்களில் ஒற்றர்களும் சுரங்கப் பாதைகளும் வரும் அத்தியாயங்களைத் திரும்பத் திரும்பப் படித்து வளர்ந்தவள் நான். அவள் கணக்கு தப்பவில்லை.

முதல் பாகம் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், அதன் முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. ஜூட் மனிதப் பெண். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது மேடக் என்ற மாய இனத்துத் தளபதி வீட்டுக்குள் நுழைந்து, குழந்தைகளின் கண் முன்னாலேயே அவள் பெற்றோரைக் கொன்றுவிட்டு, அவளையும் இரட்டைச் சகோதரி டாரினையும் மூத்தவள் விவியையும் எல்ஃப்ஹேமுக்குக் கொண்டுபோய்விடுகிறான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால், மனிதர் கண்ணுக்குத் தெரியாத தீவுகளில் இருக்கும் ராஜ்யம் அது. விவி அவன் பெற்ற மகள், மற்ற இருவரும் இல்லை. ஆனாலும் மூவரையும் தன் மகள்களாகவே வளர்க்கிறான். அங்கே ஜூட்டைப் பள்ளியில் வதைத்தவர்களுக்கெல்லாம் தலைவன், கடைசி இளவரசன் கார்டன். முதல் பாகத்தின் முடிவில் அவனை ஏமாற்றி, ஒரு வருடமும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவன் தலையில் கிரீடம் ஏறும்படி செய்துவிடுகிறாள். தம்பி ஓக் வளர்ந்து பெரியவனாகும் வரை சிம்மாசனம் வேறு யாரிடமும் போய்விடக் கூடாது என்பது அவள் திட்டம்.

இரண்டாம் பாகம் அந்தச் சத்தியத்தின் மேல்தான் முழுதாக நிற்கிறது. கார்டன் சிம்மாசனத்தில் சாய்ந்து கிடக்கிறான், கிரீடம் கோணலாகத் தொங்குகிறது, கையில் மதுக்கோப்பை. பக்கத்தில் அமைச்சர் போல நிற்கும் ஜூட்தான் உண்மையில் ஆள்கிறாள். அது சபையில் யாருக்கும் தெரியக் கூடாது. அதற்குள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. கெடு முடிந்தால் அவனுக்கு விடுதலை, இவளுக்குப் பாதுகாப்பில்லை. கெடுவை நீட்டிக்க அவன் சம்மதம் வேண்டும், சம்மதி என்று கட்டளை போட்டு வாங்கும் சம்மதத்தை எப்படி நம்புவது?

இந்தக் கதையின் மாய இனத்தாருக்குப் பொய் சொல்ல வராது. கொடுத்த வாக்கை மீறவும் முடியாது. ஆனால் வாக்கின் சொற்களுக்கு நடுவில் இருக்கும் சந்தில் புகுந்து போவதில் அவர்கள் மகா கெட்டிக்காரர்கள். ஆயிரம் வருடம் சிம்மாசனத்தில் அமர்ந்து ஆளலாம் என்று வரம் வாங்கிவந்த விக்ரமாதித்தனுக்கு, காடாறு மாதம் நாடாறு மாதம் என்று கணக்குப் போட்டு அதை இரண்டாயிரமாக்கிக் கொடுத்தானே பட்டி, அந்த மூளை எல்ஃப்ஹேமில் எல்லோருக்கும் இருக்கிறது. ஜூட் மனிதப் பிறவி என்பதால் அவளால் பொய் சொல்ல முடியும். அங்கே அவளுக்கு இருக்கும் பெரிய ஆயுதம் அதுதான். அவன் சொல்வதெல்லாம் உண்மை, ஆனால் எதற்காகச் சொல்கிறான் என்று தெரியாது. இவள் சொல்வது பொய்யாக இருக்கலாம், அது அவனுக்கும் தெரியும். இப்படி இரண்டு பேர் காதலித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் நெருங்கி வரும் ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஒரே கேள்விதான்: மனதார வருகிறானா, கட்டிய கயிற்றை அவிழ்க்க வழி தேடுகிறானா? அவளுடைய அதிகாரமே அவள் காதலை விசாரிக்க முடியாதபடி செய்துவிடுகிறது. இந்த முடிச்சை ஹாலி பிளாக் ஒரு இடத்தில்கூடத் தளர்த்தவில்லை. காதலுக்காக யாரும் திடீரென்று நல்லவராக மாறுவதில்லை. முத்தத்துக்கு அடுத்த பக்கத்திலேயே ஜூட் காவலை எங்கே மாற்றிப் போடலாம் என்று யோசிக்கிறாள்.

புத்தகத்தின் உச்சம் என்று நான் சொல்வது கடலடிப் பகுதியை. நிலத்து ராஜ்யத்தோடு உரசிக்கொண்டே இருக்கும் கடலடி அரசி ஓர்லாவின் ஆட்கள் ஜூட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவளை மயக்கிவிட்டோம், இனி சொன்னதெல்லாம் செய்யும் பொம்மைதான் என்று அவர்கள் நம்புகிறார்கள். முதல் பாகத்தில் இளவரசன் டெயின் கொடுத்த ஒரு மந்திரப் பாதுகாப்பினால் எந்த மயக்கு வித்தையும் அவளைத் தொடாது. அது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் உயிர் இருக்காது. ஆகவே மயங்கினவள் போல நடிக்க வேண்டும். நாள் கணக்கில். மயங்கினவளுக்குக் குளிராது, பசிக்காது, அவமானம் உறைக்காது. இவளுக்கு எல்லாம் உறைக்கிறது. கார்டனின் அண்ணன் பேலகின் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது கண் இமை துடிக்கக் கூடாது, பதில் சட்டென்று வர வேண்டும், அதே சமயம் முக்கியமான எதையும் சொல்லிவிடக் கூடாது. ஹாலி பிளாக் இங்கே வாக்கியங்களைச் சுருக்கிவிடுகிறார். கத்தி சுழற்றும் பெண்ணாக, எதற்கும் திட்டம் வைத்திருப்பவளாக இதுவரை பார்த்த ஜூட்டுக்கு மிச்சமிருப்பது முகத்தை அசையாமல் வைத்திருக்கும் திறமை ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் அந்த ஊரில் பிழைத்தாள் என்பது அப்போதுதான் மொத்தமாக உறைக்கும். நான் படித்த மாயாஜால நாவல்களில் இவ்வளவு நெருக்கமாகப் பயத்தைக் காட்டிய பகுதி வேறு இல்லை.

கார்டன் இந்தப் பாகத்தில்தான் ஆளாகிறான். குடித்துக் கிடப்பவன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அவன் காது திறந்தே இருக்கிறது. அவனுக்கு ஒரு வால் உண்டு, நுனியில் குஞ்சத்தோடு. முகம் காட்டாததை அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் உடைக்குள் ஒளித்து வைத்துக்கொள்வான். ராஜா வேடம் கட்டி உட்காரவைக்கப்பட்டவன் மெல்ல மெல்ல ராஜாவாகிக்கொண்டிருப்பதை ஜூட்டின் கண் வழியாகவே பார்க்கிறோம். கிட்டத்தட்ட கதை முழுவதையும் அவள்தான் நிகழ்காலத்தில் சொல்கிறாள், ஆகவே அவள் கவனிக்கத் தவறியது நமக்கும் தப்பிவிடுகிறது. இரண்டாம் முறை படிக்கும்போது அவன் பேச்சுகளை மட்டும் தனியாகக் கவனித்தேன். எத்தனை இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான்! கட்டளைக்கும் சூழ்ச்சிக்கும் நடுவே அது அவள் காதில் விழவே இல்லை.

மேடக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெற்றவர்களைக் கொன்றவன், வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன், இரண்டும் அவன்தான். அதிகாரத்தைப் பிடிப்பதைவிடத் தக்கவைப்பதுதான் கஷ்டம் என்று அவன் கற்றுக்கொடுத்த பாடம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. இப்போது இருவரும் எதிரெதிர் அணி. ஆனாலும் அவன் தன்னை மெச்ச வேண்டும் என்ற ஆசை அவளுக்குப் போகவில்லை. அப்பா மகள் பேசும் பக்கங்கள் காதல் பக்கங்களைவிடக் கனமானவை.

டாரின் விஷயத்தில் எனக்கும் அக்கா மகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கூடப் பிறந்தவளுக்கே துரோகம் செய்தவளை மன்னிக்கவே முடியாது என்கிறாள் அவள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் ஒரே அச்சத்தில் வளர்ந்தவர்கள். ஒருத்தி வாளை எடுத்தாள், இன்னொருத்தி நல்ல இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஊரோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தாள். இரண்டாவது வழியில் போனவர்களை நம் குடும்பங்களில் நிறையப் பார்த்திருக்கிறோம், அவர்களை வில்லியாக வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

குறை உண்டு. டாரினின் மாப்பிள்ளை லாக், அடுத்தவர் துன்பத்தில் வேடிக்கை பார்ப்பவன் என்பதற்கு மேல் வளரவில்லை. விவி தன் காதலி ஹெதரிடம் மறைத்து வைத்திருக்கும் உண்மைகள் ஒரு தனிக் கதைக்கே தாங்கும், இங்கே அவசரமாகக் கடந்துபோகிறது. நடுவில் யார் யாரோடு ரகசியக் கூட்டு என்று தலை சுற்றும், முதல் பாகம் படித்து வெகுநாள் ஆகியிருந்தால் அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களை ஒருமுறை புரட்டிவிட்டு வருவது நல்லது. நிலவொளியில் நீண்ட காதல் காட்சிகளை எதிர்பார்த்து எடுப்பவர்களுக்கு இங்கே கிடைப்பது குறைவு. கிடைக்கும் சில பக்கங்கள் சுடும், அவ்வளவுதான்.

இது பதின்ம வயதினருக்கான நாவல் என்றுதான் விற்கப்படுகிறது. கொலையும் நஞ்சும் கொடுமைப்படுத்தலும் நிறையவே இருப்பதால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் கொடுக்கமாட்டேன். பதினைந்து பதினாறு வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். ஆங்கிலம் கடினமில்லை, அத்தியாயங்கள் சிறியவை.

கடைசிப் பக்கங்களில் என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். கார்டன் எல்லோர் முன்னிலையிலும் ஒரு வாக்கியம் சொல்கிறான். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பதை மறக்காமல், அந்த வாக்கியத்தை நிதானமாக இரண்டு தடவை படியுங்கள். விடை மூன்றாம் பாகமான ‘தி குயீன் ஆஃப் நத்திங்’கில் இருக்கிறது. அது 2019 நவம்பரில்தான் வந்தது, அன்றைய வாசகர்கள் பத்து மாதம் காத்திருந்தார்கள். உங்களுக்கு அந்த அவஸ்தை தேவையில்லை, இரண்டையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.