ஃபார்முலா ஸ்டூடண்ட் காருக்கு எந்த இன்ஜின்: 390-ஆ, 600-ஆ?

கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் காரோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு கார் கட்டக் கிளம்பும் ஒவ்வொரு புது அணியிலும் முதல் சண்டை இன்ஜினை வைத்துத்தான் வரும். கல்லூரியில் நான் பவர்டிரெய்ன் (இன்ஜின், கியர்) வேலையைப் பார்த்தபோது எங்கள் அணி கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி இன்ஜினை எடுத்தது. இப்போது ஜூனியர்கள் ஃபோன் போட்டு, “அண்ணா, பேசாம ஒரு 600 சிசி பைக் இன்ஜின் வாங்கிடலாமா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் 390 பக்கம் சாய்ந்தவன் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

விதி சொல்வது இவ்வளவுதான்: நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், 710 சிசிக்குள் இருக்க வேண்டும், உள்ளே போகும் காற்று முழுவதும் ஒரே ஒரு 20 மி.மீ. துளை வழியாகத்தான் போக வேண்டும். இதிலேயே மாருதி 800 இன்ஜின் அடிபட்டுப்போகிறது, அது 796 சிசி. கோவை ரேஸ் ஓட்டுநர் கரிவரதன் 1980களின் இறுதியில் அந்த இன்ஜினைப் பின்னால் வைத்துத்தான் ஃபார்முலா மாருதி காரைக் கட்டினார். கோவையில் அவர் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடப்போகும் காருக்கு அதே இன்ஜினைப் போட முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. டாடா நானோ இன்ஜின் 624 சிசி என்பதால் விதிக்குள் வரும். கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே பெட்டியில், அதுவும் பின்னாலேயே கிடைக்கும். ஆனால் 38 பிஎஸ் சக்திக்கு அவ்வளவு எடையைச் சுமக்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து நான்கு கியரை மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது.

ஆக, பைக் இன்ஜின்தான். இன்ஜின், கிளட்ச், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் மாறும் ஆறு வேக சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே கூட்டுக்குள் வந்துவிடும். தனியாக ரேஸ் கியர்பாக்ஸ் வாங்கும் பேச்சே மாணவர் பட்ஜெட்டில் எழாது.

இனி 600. நான்கு சிலிண்டர், பைக்கில் இருக்கும்போது நூறு குதிரைத்திறனைத் தாண்டும், சத்தமும் ஆளை மயக்கும். ஆனால் அந்த 20 மி.மீ. துளையை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு இழுத்தாலும் துளையின் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்கு மேல் அளவு கூடாது. கடல்மட்டக் கணக்கில் நொடிக்குச் சுமார் 74 கிராம், அவ்வளவுதான். ஒரு 600 சிசி இன்ஜின் 12,000 ஆர்பிஎம்மிலேயே கிட்டத்தட்ட அத்தனை காற்றையும் கேட்கும். துளையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அதற்கு முன்பே மூச்சு முட்டும். அந்த இன்ஜினின் உச்ச சக்தி இருப்பதோ அதற்கும் மேலே. நாம் காசு கொடுத்து வாங்கிய மேல்பகுதி சக்தியை ரெஸ்ட்ரிக்டர் என்ற அந்தத் துளை பிடுங்கிக்கொள்கிறது. 373 சிசி கேடிஎம் 9,000 ஆர்பிஎம்மில் கேட்பது இதில் பாதிகூட இல்லை. ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ‘லபக்’கென்று இழுப்பதால் துளைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்றைத் தேக்கும் பெட்டியான பிளீனத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கட்ட வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் 43 பிஎஸ்ஸில் பெரும்பகுதி கையில் நிற்கும். இவ்வளவுக்குப் பிறகும் 600-க்குத்தான் சக்தி அதிகம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காகிதத்தில் தெரியும் இடைவெளி தடத்தில் இருக்காது. கேடிஎம் இன்ஜினின் எடை 36 கிலோதான் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கியர் விஷயம் இன்னும் சுவாரசியமானது. இந்தத் தடங்களில் சராசரி வேகமே 50 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், உச்ச வேகம் நூறைத் தொட்டால் பெரிது. 390-க்கு கம்பெனி கொடுக்கும் செயின் ஸ்ப்ராக்கெட் முன்னால் 15 பல், பின்னால் 45. பைக் சக்கரத்தைவிட நம் 10 அங்குல ரிம்மில் போடும் ஸ்லிக் டயர் ரொம்பச் சின்னது, வெளி விட்டம் 18 அங்குலம்தான். அதனால் 45 பல்லை அப்படியே விட்டால் கியர் சீக்கிரம் தீர்ந்துபோகும், ஓட்டுநர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் 36 பல் போட்டால் 9,000 ஆர்பிஎம்மில் இரண்டாவது கியர் சுமார் 65, மூன்றாவது 85, நான்காவது 106 கிலோமீட்டர் வரை போகும். முதல் கியரைக் கிளம்ப மட்டும் வைத்துக்கொண்டு மீதித் தடத்தை இரண்டிலும் மூன்றிலுமே ஓட்டிவிடலாம். ஐந்தும் ஆறும் சும்மா கிடக்கும், கிடக்கட்டும்.

இதையெல்லாம்விட என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். எங்களுக்கு முந்தைய செட் ஒரு ஜப்பானிய 600-ஐ வைத்துக் கார் கட்டியிருந்தது. எட்டு வடிவில் சுற்றும் ஸ்கிட்பேட் ஓட்டிப் பார்க்கும்போது வலது வட்டத்தில் மட்டும் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கியது. பைக் வளைவில் சாயும், அதனால் சம்ப்பில் (இன்ஜினின் அடித்தொட்டியில்) ஆயில் அடியிலேயே நிற்கும். கார் சாயாது. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். இதில் இன்ஜின் மேல் குற்றம் இல்லை, அது பைக்குக்காகச் செய்யப்பட்டது. ஃபில்டரை அறுத்துப் பிரித்தோம். காகித மடிப்புகளுக்குள் தங்கப் பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. கிரான்க்கைத் தாங்கும் பேரிங் ஷெல் கரைந்து வந்த உலோகம் அது.

அங்கே தொடங்கியது அலைச்சல். அந்த மாதிரி இன்ஜினில் எல்லா ஷெல்லும் ஒரே அளவில் இருக்காது. கிரான்க்கிலும் கேஸிலும் பொறித்திருக்கும் குறியீடுகளைப் படித்து, ஒவ்வொரு இடத்துக்கும் எந்த நிறக் குறி கொண்ட ஷெல் வேண்டும் என்று பார்த்து வரவழைக்க வேண்டும். புதுப்பேட்டையில் தேடினால் கிளட்ச் கவர் கிடைக்கும், கார்புரேட்டர் கிடைக்கும், அந்த ஷெல் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை கார் ஸ்டாண்டில் நின்றது. ஓட்டிப் பழக வேண்டிய வாரங்கள் எல்லாம் போய்விட்டன.

390-லும் ஆயில் ஒதுங்கும். நாங்கள் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்தே ஓட்டினோம். ஆனால் ஏதாவது போனால் கிளட்ச் தட்டோ, கேஸ்கெட்டோ, ஃபில்டரோ ஷோரூமில் கேட்டு வாங்கிவிடலாம், உடனே இல்லாவிட்டாலும் சில நாளில் வந்துவிடும். இன்ஜினே போனாலும் விபத்தில் நொறுங்கிய 390 ஏதாவது ஓர் ஊரில் விற்பனைக்கு நிற்கும். பஜாஜ் புனே பக்கத்துச் சாக்கனில் செய்யும் வண்டி என்பதால் அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கும் ஊருக்கு ஒருவர் இருப்பார். எண்டூரன்ஸ் என்ற நீண்ட ஓட்டம் சுமார் 22 கிலோமீட்டர், பாதியில் ஓட்டுநர் மாற வேண்டும், கொதிக்கும் இன்ஜினை அணைத்துத் திரும்பக் கிளப்ப வேண்டும். அதிகப் புள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே கடைசிவரை ஓடுவது ஏற்கெனவே பல முறை அப்படி ஓடிப் பார்த்த கார். ஸ்பேர் பக்கத்தில் இருந்தால்தான் பயப்படாமல் அத்தனை முறை ஓட்டிப் பார்க்க முடியும்.

390-இன் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பேலன்சர் இருந்தும் அதிர்வு அதிகம். எக்ஸாஸ்ட் வெல்டிங் விரியும், லாக்டைட் பசை போடாத போல்ட் கழன்றுவிடும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பேனரோடு ஒரு சுற்று வர வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று போக, காரின் பக்கவாட்டுக் கூடான சைடுபாட் வழியைக் கவனமாக அமைக்க வேண்டும். நியூட்ரல் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அரை அசைவில் இருப்பதால், ஓட்டுநர் மாறும் நேரத்தில் அது சிக்காமல் பதற வைக்கும். இந்தக் கடைசித் தொல்லை 600-லும் அப்படியே உண்டு.

ராயல் என்ஃபீல்டு 650 பற்றியும் கேட்கிறார்கள். 648 சிசி இரட்டை சிலிண்டர், 52 நியூட்டன் மீட்டர் டார்க், நம் தமிழ்நாட்டிலேயே தயாராகிறது, ஸ்பேருக்கும் பஞ்சம் இல்லை. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும் குணம் இந்தத் தடத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் இன்ஜின் கனமானது. காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் அமைப்பு என்பதால், காருக்குள் மறைந்து உட்காரும்போது சூடு எப்படிப் போகும் என்பதுதான் என் கவலை. நான் அதை வைத்துக் கார் கட்டியதில்லை, அதனால் வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டாவது, மூன்றாவது கார் கட்டும் அணி முயன்று பார்க்கலாம். 600-ஐயும் அப்படித்தான் சொல்வேன்: கல்லூரியில் இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ இருந்து, கையில் இரண்டாவது இன்ஜினும் இருந்தால் எடுங்கள்.

முதல் கார் என்றால் 390, அதிலும் பழைய 373 சிசி. புது 399-இல் சக்தி கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பழையதுதான் உடைந்த வண்டியாக அதிகம் கிடைக்கிறது, சீனியர்களிடம் அதற்கான மேப்பும் (எரிபொருள், தீப்பொறி அளவுகளின் அட்டவணை) இருக்கிறது. இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள், முழு வண்டியாக வாங்குங்கள். வயரிங், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியு, த்ராட்டில் பாடி, ஃப்யூல் பம்ப், ஃபேனோடு ரேடியேட்டர் எல்லாம் தேவைப்படும். வண்டி கவிழ்ந்தால் இன்ஜினை நிறுத்தும் ரோல்ஓவர் சென்சாரையும் மறக்காமல் கழற்றி, பைக்கில் எந்த வாக்கில் நின்றதோ அதே வாக்கில் காரிலும் பொருத்துங்கள். படுக்கவைத்துப் பொருத்திவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று இரவு முழுக்க வயரிங்கைத் தேடும் அணிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆர்சி புத்தகமும் பில்லும் வாங்கிவிடுங்கள், கல்லூரிக் கணக்குப் பிரிவு கேட்கும்.