1098: பனியன் ஊரில் எந்த அளவுக்கு உதவும்?

குழந்தைகள் உதவி எண் 1098. காசு பிடிக்காது, 24 மணி நேரமும் உண்டு, கூப்பிடுகிறவர் பேர் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கத்துக்கு அவசியமான சேவைதான். ஆனால் விவரம் தெரியாமல் அடித்தால் புகார் பாதியில் நின்றுபோகும்.

முதலில் வயது. 14 முடியாத பிள்ளை எந்தக் கம்பெனியிலும் கூலிக்கு இருக்கக் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு இதில் சந்துபொந்து குறைவு. 14 முதல் 18 வரை சங்கதி வேறு. ஆபத்தில்லாத வேலையைச் சட்டம் விடுகிறது, ஆனால் மூன்று மணி நேரம் ஆனதும் ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வையும் சேர்த்து நாளைக்கு ஆறு மணி நேரம், இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது, வாரம் ஒரு நாள் லீவு. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வரும் ஒன்றரை ஷிப்ட் இதிலேயே அடிபட்டுப்போகிறது. "பையன் பிசிருதானுங்க வெட்டறான்" (தைத்த துணியில் நீட்டி நிற்கும் நூலை வெட்டுவது) என்பதெல்லாம் செல்லாது.

"பக்கத்துக் கம்பெனியில சின்னப் பசங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்த வீதி, என்ன அடையாளம் (பெரிய கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட் பலதில் போர்டே இருக்காது), எத்தனை பேர், கைமடியா (தையல்காரருக்குக் கையாள்) பிசிரா, எத்தனை மணிக்கு உள்ளே போகிறார்கள், எப்போது வெளியே வருகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். நேரம் தவறினால் ஆய்வுக்கு வருகிறவர்கள் காலி டேபிளைத்தான் பார்ப்பார்கள்.

மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். வயதுக்குப் பள்ளிச் சான்று, இல்லாவிட்டால் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. வெளிமாநிலப் பிள்ளைகள் விஷயம் இழுப்பது இங்கேதான். பெற்றோரை உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயந்தே பலர் கூப்பிடுவதில்லை. முதல் தடவைக்குப் பெற்றோருக்குத் தண்டனை இல்லை. முதலாளிக்குத்தான் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் சேவைக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. பத்தாவது லீவில் ஓவர்லாக் தையல் மெஷின் பழகுவதில் தப்பில்லை, நோட்டுச் செலவுக்கும் ஆகும். ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் மளிகைக் கணக்கில் கலந்துவிட்டால், ஜூனில் பையனை நிறுத்த வீடே தயங்கும். அப்படிப்பட்டவனுக்கு 1098-ஐவிட, பள்ளி திறந்த முதல் வாரமே தலைமையாசிரியர் காதில் போடுவதுதான் வேகமாக வேலை செய்யும்.