பழைய ஆர்கேட் மெஷின் இறக்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டுகள்: காசு கொடுக்கும் முன் படியுங்கள்

சென்னையில் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் யாராவது உங்களிடம் "ஜப்பான்லேர்ந்து பழைய கேம் மெஷினா? வீட்டு வாசல்ல இறக்கிடலாம், எல்லாம் சேர்த்து இவ்ளோதான்" என்று மொத்தமாக ஒரு தொகை சொன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆள் பெயரையும் ஆபீஸ் பெயரையும் போடவில்லை. ஆனால் இதே பாணியில் தொழில் பண்ணுகிறவர்கள் அந்த நாலு தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொல்கிறார்கள்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். பள்ளிக்கூடம் முடிந்து ஒரு ரூபாய் காயினோடு வீடியோ கேம் பார்லருக்கு ஓடிய கூட்டத்தில் ஒருத்தன், அந்தக் கதையை ஆரம்பித்தால் பதிவு முடியாது, விட்டுவிடுகிறேன். ஒசாகாவில் வேலை செய்கிற அத்தை மகன், அங்கே மூடப்பட்ட ஒரு கேம் சென்டரில் இருந்து சேகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி கேபினெட் ஒன்றை எனக்காகப் பிடித்துக் கொடுத்தான். 1993இல் வந்த மாடல், வெள்ளை உடம்பு, 29 இஞ்ச் பிக்சர் டியூப், உட்கார்ந்து ஆடுகிற உயரம். உள்ளே வயரிங் ஜாமா முறையில் இருக்கும், 56 பின் கனெக்டர், அந்த முறையில் செய்த கேம் போர்டு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் செருகி ஆடலாம். கூடவே கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஒரிஜினல் போர்டு ஒன்றும் வாங்கி உள்ளேயே வைத்து அனுப்பினான். விலை நியாயமான விலைதான். கப்பல் கூலியும் பெரிதாக இல்லை, தனி கன்டெய்னர் எடுக்காமல் பல பேர் சரக்கோடு சேர்த்து அனுப்புகிற எல்.சி.எல். முறை. இந்த முறையில் அந்தப் பக்கம் கூலி குறைவாகத் தெரியும், இந்தப் பக்கம் வந்து இறங்கியதும் டெலிவரி ஆர்டருக்கு (சரக்கை விடுவிக்கத் தருகிற சீட்டு) இவ்வளவு, பிரித்து வைத்ததற்கு இவ்வளவு என்று பில் நீளும். சரக்கை இறக்கித் தர மேலே சொன்ன தெருப் பக்கம் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தேன், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று அவரிடம் தெளிவாகக் கேட்டேன். "எல்லாம் இன்குளூடு தம்பி" என்றார். 90,000 ரூபாய், பாதி முன்பணம்.

முதல் சந்திப்பிலேயே அவர் சொன்ன இரண்டு விஷயங்களை இப்போது யோசித்தால் அவர் தொழிலே அந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. ஒன்று, "உங்க மச்சான் ஊருக்கே திரும்பி வர்றாரா? பாஸ்போர்ட் காப்பி குடுங்க, வீட்டுச் சாமான்னு போட்டு இறக்கிடலாம்." வெளிநாட்டில் இருந்து ஊரோடு திரும்பி வருகிறவர்களுக்கு உள்ள சலுகையில் அடுத்தவர் சரக்கை நுழைக்கிற வேலை இது. மச்சான் போனிலேயே முடியாது என்று சொல்லிவிட்டான், நல்லவேளை, இல்லையென்றால் அவன் பெயரும் இதில் மாட்டியிருக்கும். இரண்டாவது, "ஐ.இ.சி. எல்லாம் நீ எடுக்காத தம்பி, நம்ம பார்ட்டி ஒருத்தர் பேர்ல போட்டுக்கலாம், ஒண்ணியும் ஆவாது." ஐ.இ.சி. என்பது ஏற்றுமதி இறக்குமதிக்கான குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) தளத்தில் 500 ரூபாய் கட்டி நாமே எடுக்கலாம், நம் பான் எண்தான் அந்த எண்ணாகவே வரும். 500 ரூபாயை மிச்சம் பிடித்துக் கொடுக்கிற அளவுக்கு அவருக்கு நம்மேல் பாசம் ஒன்றும் கிடையாது. அடுத்தவர் பெயரில் பேப்பர் போனால், சரக்குக்குக் காசு கொடுத்தவர் நீங்களாக இருந்தாலும் கஸ்டம்ஸ் பார்வையில் நீங்கள் யாரோ. நோட்டீஸ் வந்தால் உங்களுக்கு வராது, கவுன்டரில் போய் நின்றால் பதில் சொல்ல மாட்டார்கள். அவரைத் தவிர உங்களுக்கு வேறு வாசலே இல்லாமல் ஆகிவிடும்.

பழைய மெஷின் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவர் மூச்சுவிடவில்லை. இயந்திரத் தளவாடம் என்ற வகையில் வராத பழைய பொருள் எதுவாக இருந்தாலும் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி அது கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதி, டி.ஜி.எஃப்.டி. அனுமதி வேண்டும். பயன்படுத்திய மின்னணுப் பொருள் என்றால் 2016ஆம் வருட அபாயகரக் கழிவு விதிகள் வேறு குறுக்கே வரும், அதற்குச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி. வீடியோ கேம் சாதனங்கள் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவுப் பட்டியலிலும் இருக்கின்றன, பதிவு இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் பயன்படாதபடி உடைத்து ஸ்கிராப்பாகப் போடலாம் என்றே விதி இருக்கிறது. இவ்வளவு இருக்கும்போது "பழசுதான, டூட்டி கம்மி" என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்றால், என்ன பொருள் என்பதையே மாற்றி எழுதப் போகிறார் என்றுதான் அர்த்தம்.

அப்படியேதான் நடந்தது. கப்பல் வந்து, சரக்கு மணலிப் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ். கிடங்குக்கு, அதாவது கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை வைக்கிற இடத்துக்குப் போனது. அதுவரை தினமும் குட் மார்னிங் அனுப்பிக்கொண்டிருந்தவர் அப்புறம் பணம் கேட்க மட்டும்தான் மெசேஜ் போட்டார். டெலிவரி ஆர்டர் சார்ஜ், ஷெட் சார்ஜ், லேபர், "உள்ளே குடுக்க வேண்டியது". ஒவ்வொன்றும் ஒரு தனி ஆள் நம்பருக்கு ஜிபே, ரசீது கிடையாது. பில் ஆஃப் என்ட்ரி, அதாவது கஸ்டம்ஸில் தாக்கல் செய்கிற இறக்குமதிப் படிவம், அதன் நம்பர் கேட்டால் "அதெல்லாம் உனக்கு எதுக்கு தம்பி, குழம்பிப்பே" என்பார்.

நம்பர் கடைசியில் அவர் அனுப்பிய பில்லில் இருந்தே கிடைத்தது. கிடங்கு வாடகை ஏறிவிட்டது, 38,400 உடனே வேண்டும் என்று ஒரு போட்டோ அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். பில்லில் மற்ற எழுத்தெல்லாம் புள்ளிப் புள்ளியாக டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட், மொத்தத் தொகையில் முதல் இலக்கமான 3 மட்டும் வழுவழு என்று கொஞ்சம் தடித்து, வரியை விட ஒரு நூல் மேலே ஏறி நிற்கிறது. ஐட்டங்களைக் கூட்டினால் 8,400தான் வருகிறது. அதே பில்லின் மேல் மூலையில் பில் ஆஃப் என்ட்ரி நம்பரும் தேதியும் இருந்தன, அதை மறைக்க மறந்துவிட்டார் மனுஷன்.

இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் லாகின் இல்லாமலேயே பில் ஆஃப் என்ட்ரி நிலவரம் பார்க்கலாம். இடம் என்பதில் சென்னைத் துறைமுகத்துக்கு ஐ.என்.எம்.ஏ.ஏ.1 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, நம்பரும் தேதியும் போட்டால் போதும். யார் ஐ.இ.சி., எந்த கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ், எத்தனை பெட்டி, டூட்டி எவ்வளவு, ஃபைல் எந்த மேஜையில் நிற்கிறது எல்லாம் வந்துவிடும். நான் பார்த்தபோது ஐ.இ.சி. கேள்விப்பட்டே இராத ஒரு டிரேடிங் கம்பெனியுடையது. புரோக்கர் லைசென்ஸ் எண்ணும் நம்ம ஆளுடையது இல்லை, இன்னொருவருடையது. அதாவது இவர் லைசென்ஸ் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கரே இல்லை, யாரோ ஒருவர் லைசென்ஸை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற ஆள். 2018ஆம் வருட புரோக்கர் விதிப்படி லைசென்ஸை இப்படிக் கைமாற்ற முடியாது, இறக்குமதியாளரிடம் அத்தாட்சிக் கடிதம் வாங்கி, அவர் யார் என்று சரிபார்த்துத்தான் புரோக்கர் வேலையை எடுக்க வேண்டும்.

பில் ஆஃப் என்ட்ரியில் சரக்கு என்ன என்று எழுதியிருந்தார்கள் தெரியுமா? புது பிளாஸ்டிக் ஃபர்னிச்சர். பெட்டியைத் திறந்த அதிகாரி காயின் போடுகிற துவாரத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? பரிசோதனையில் மாட்டி, காசு போட்டு ஆடுகிற பழைய கேம் மெஷின், அனுமதி இல்லாத இறக்குமதி, தவறான விவரம் என்று கேஸ் ஆனது. சுங்கச் சட்டம் 111ஆம் பிரிவில் பறிமுதல், 125ஆம் பிரிவில் மீட்புத் தொகை கட்டி எடுத்துக்கொள்ள வாய்ப்பு, 112இல் அபராதம். நம்ம ஆள் உடனே என்னிடம் 1,40,000 கேட்டார். ஆர்டர் காப்பி அனுப்புங்கள் என்றால் போனில் எடுத்த போட்டோ ஒன்று வந்தது, தொகை இருக்கிற வரியின் மேல் கட்டைவிரல். ஐஸ்கேட்டில் போய்ப் பார்த்தால் டூட்டி, மீட்புத் தொகை, அபராதம் எல்லாம் சேர்த்தே அவர் கேட்டதில் பாதிக்கும் கீழேதான் இருந்தது.

கையோடு ஒரு வக்கீலைப் பார்த்தேன். 2017இல் திருத்திய சட்டத்தில் இறக்குமதியாளர் என்ற சொல்லுக்குள் சரக்கின் உண்மையான பயனாளியும் வருவார், நீங்கள் எழுதிக் கொடுத்து உள்ளே வரலாம் என்றார். வந்தால் அபராதத்திலும் உங்கள் பெயர் வரலாம் என்றும் சேர்த்தே சொன்னார். இதைத்தான் அந்த ஏஜென்ட்டும் நம்பி இருக்கிறார். தொகையில் இவர் செய்கிற தில்லுமுல்லை வெளியே சொன்னால் நீயும் சேர்ந்துதான் மாட்டுவாய் என்பதை வாய்விட்டுச் சொல்லாமலேயே புரியவைத்துவிடுகிறார். நான் ஐஸ்கேட் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, அதில் இருக்கிற தொகைக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்று எழுதினேன். ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. அதற்குள் கிடங்கு வாடகை இன்னும் ஏறியது, அதையும் என் தலையில்தான் கட்டினார்.

மெஷின் ஒருவழியாகக் குட்டி யானையில் வந்து இறங்கியது, ராத்திரி பத்து மணிக்கு மேல், மழை வேறு. மரப்பெட்டியில் ஒரு பக்கம் பலகையே இல்லை, தார்ப்பாய் சுற்றியிருந்தார்கள். பரிசோதனைக்குத் திறந்த பெட்டியைத் திரும்ப மூடவும் இல்லை, ஃபோர்க்லிஃப்டில் படுக்கவைத்து நகர்த்தியிருக்கிறார்கள், அது ஒரு பக்கத்துச் சிராய்ப்பிலேயே தெரிந்தது. பின்கதவின் பூட்டில் துளை போட்டுத் திறந்திருந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போர்டு இல்லை, கனெக்டர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்து டியூபின் பின்பக்கம் பார்த்தேன். பிக்சர் டியூபின் கழுத்தில் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளிக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக ஒரு பூச்சு இருக்கும், உள்ளே காற்று புகுந்தால் அது வெளுத்துப் பால் நிறமாகிவிடும். என்னுடையது முழு வெள்ளை. கழுத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். டி.வி. மெக்கானிக் யாரையும் கூப்பிடத் தேவையே இல்லை.

ஏஜென்ட்டிடம் சொன்னால், "சரக்கு வந்துச்சா இல்லியா, அத்தச் சொல்லு" என்றார்.

ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் லைசென்ஸ்காரர் மேல் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் எக்ஸ்போர்ட் பண்ணி வைத்திருக்கிறேன், ஜிபே விவரங்களும் இருக்கின்றன. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எழுத்திலேயே பதில் கேளுங்கள், எனக்கு இப்போது உதவுவது அது ஒன்றுதான்.

இவ்வளவுக்கும் பிறகும் மெஷின் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு: ஐ.இ.சி. உங்கள் பெயரில் இருக்கட்டும். பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் ஆவதற்கு முன்னால் செக்லிஸ்ட் என்று ஒன்று எடுப்பார்கள், பொருள் விவரம், விலை, வரிப் பட்டியலில் பொருளுக்குரிய எண் எல்லாம் அதில் இருக்கும். அது உங்கள் கண்ணில் படாமல் எதுவும் தாக்கல் ஆகக்கூடாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள், காட்ட மறுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். டூட்டியை அவர் கையில் கொடுக்காமல் நீங்களே ஆன்லைனில் கட்டுங்கள். மரப்பெட்டியில், பூச்சி இல்லாமல் பதப்படுத்திய மரம் என்று காட்டுகிற ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்று அனுப்புகிற இடத்திலேயே போட்டோ வாங்குங்கள், இல்லையென்றால் மரத்துக்கே ஒரு தகராறு வரும். போர்டை மெஷினுக்குள் வைத்து அனுப்பவே வேண்டாம். ஜப்பான் மெஷின் 100 வோல்ட்டில் ஓடுவது, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கேபினெட்டை இங்கேயே ஒரு தச்சரிடம் செய்துகொள்வேன், பட்டனும் ஜாய்ஸ்டிக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் போதும். பார்க்க அழகு கொஞ்சம் கம்மியாக இருக்கும், இருக்கட்டுமே.

அப்புறம் ஒரு உதவி. 29 இஞ்ச் டியூப் நல்ல நிலையில் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். டியூபின் கழுத்தில் மாட்டுகிற யோக் என்ற கம்பிச் சுருள் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், அதனால் டியூபை மட்டும் கழற்ற வேண்டாம், டி.வி.யோடு அப்படியே இருக்கட்டும். திருவொற்றியூரில் இருந்து பெரம்பூர் வரைக்கும் எங்கே என்றாலும் நானே வண்டி எடுத்து வந்து தூக்கிக்கொள்கிறேன்.