குமரியில் ஏஏ மீட்டிங் தேடுகிறவர்களுக்கு: சில வருட அனுபவம்

அங்கே தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால்? ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்பது குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் அமைப்பு. அதன் மீட்டிங் தேடும் குமரிக்காரர்களுக்கு வரும் முதல் பயம் இதுதான். சின்ன மாவட்டம். “நீ யாருக்க மவன்?” என்று ஆரம்பித்தால் இரண்டாவது கேள்வியில் வீடு தெரிந்துவிடும். அதனால்தான் தக்கலைப் பக்கத்துக்காரனான நான், பக்கத்தில் விசாரிக்காமல் நாகர்கோவிலுக்குப் போனேன். உள்ளே எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் அதே காரணத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்றுவரை ஊரில் அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு சொல் வெளியே போனதில்லை.

மீட்டிங்குக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் குடிக்கிறவர் மன உறுதியை மட்டும் நம்பி ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கமும் வியர்வையும் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரும். அதன்பின் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுகிற அளவுக்குப் புத்தி தடுமாறும். உயிரே போகலாம். முதலில் டாக்டரிடம் போங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வலிப்பு வந்துவிட்டால் 108தான்.

மீட்டிங்கில் என்ன நடக்கிறது? ஒருவர் முகவுரை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக “நான் ஒரு குடிநோயாளி” என்று சொல்லிவிட்டுத் தன் கதையைப் பேசுவார். யாரும் குறுக்கே கேட்க மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லையென்றால் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தேன். கட்டணம் இல்லை. கடைசியில் வரும் காணிக்கைக்கு உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். வெளியார் பணத்தை வாங்குவதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி.

“பேசினா குடி நிக்குமா?” என்று என் அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இது தொடங்கியதே, குடியில் சிக்கிய ஒரு பங்குத் தரகரும் அதே நிலையில் இருந்த ஓர் அறுவை மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரைச் சேர்த்துப் பார்த்தது. ஏஏ வழியில் முறையாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள், மற்ற உளவியல் சிகிச்சைகளில் இருந்தவர்களைவிட அதிகமாக முழு மதுவிலக்கில் நீடித்தார்கள் என்பது அதன் முடிவு.

ஆனால் எனக்கு உதவியது மீட்டிங் நடக்கும் நேரத்தைவிட அதற்கு வெளியே இருக்கும் நேரம். முடிந்ததும் டீக்கடையில் நிற்கும்போது அந்த அண்ணன் தன் நம்பரைக் கொடுத்துச் சொன்னார்: “மக்ளே, குடிச்ச பெறவு விளிக்காத. குடிக்கதுக்கு மின்ன விளி.” கல்யாண வீடுகள், மண்டைக்காடு கொடை, சவேரியார் கோயில் திருவிழா என்று கூட்டாளிகள் கூடுகிற ஒவ்வொரு சமயத்திலும் அவரை விளித்திருக்கிறேன். ராத்திரி 11 மணிக்கும் எடுத்திருக்கிறார். ஒரு குழு நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: புதிதாக வந்தவரிடம் யாராவது போய் நம்பர் கொடுக்கிறார்களா? கொடுக்காவிட்டால் வேறு குழுவைப் பாருங்கள். ஒரு மீட்டிங் பிடிக்கவில்லை என்று மொத்தத்தையும் விட்டுவிடாதீர்கள், குழுவுக்குக் குழு சுபாவம் மாறும்.

குறைகளும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் இடமும் நேரமும் பல சமயம் பழையவை. போன் செய்து உறுதி செய்யாமல் பஸ் ஏறாதீர்கள். சில மூத்தவர்கள் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு நேரம் மிஞ்சாது. பெண்கள் வந்து பேசுவது இன்னும் கஷ்டமாகவே இருக்கிறது, இது எனக்குப் பெரிய வருத்தம். சர்ச் வளாகத்தில் நடந்தால் இந்து, முஸ்லிம் நண்பர்கள் தயங்குகிறார்கள். இடம் மட்டும்தான் சர்ச்சுடையது, ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. ஏஏவில் சொல்லும் ‘நமக்கு மேலான சக்தி’ எது என்பதை அவரவர் தீர்மானிக்கலாம். இன்னொன்று: ஒருவர் என்னிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கேட்காதீர்கள். மருந்தை டாக்டர்தான் நிறுத்த வேண்டும்.

இப்போது நான் வீட்டுக்குப் பக்கத்துக் குழுவுக்கே போகிறேன். கடைசி பஸ் கவலை இல்லாததால் மழையிலும் தவறுவதில்லை. குடிக்கிறவர் வர மறுத்தாலும் வீட்டுக்காரர்கள், குடும்பத்தாருக்கென்றே இருக்கும் அல்-அனான் மீட்டிங்குக்குத் தனியாகப் போகலாம். என் மனைவி அங்கேதான் பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகப் பேசினாள்.

தூத்தூர் பக்கத்து ஆழ்கடல்காரர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பதால் வாராந்திர மீட்டிங் ஒத்துவராது என்கிறார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். டாக்டரையும் ஒரு குழுவையும் பிடிக்க அந்த 2 மாதம் போதும். பிறகு கடலுக்குப் போய்த் திரும்பி, போனில் சிக்னல் கிடைத்ததும் விளிக்க நம்பர் கையில் இருக்கும்.