மயிலாப்பூரா, திருவல்லிக்கேணியா, பாரிமுனையா? சென்னைக்கு வருபவர்களை எங்கே சாப்பிட அனுப்புவது

ஊரிலிருந்து போன் வரும். "மெட்ராஸ் வர்றோம், ஒரு நாள்தான் இருப்போம், நல்லதா எங்க சாப்பிடலாம்?" கடைப் பெயர் எதுவும் சொல்வதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? சென்னையில் நல்ல சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. ஏழரை மணிக்கு நெய் மணக்கும் பொங்கல் பத்தரைக்குத் தீர்ந்திருக்கும். மாலையில் கூட்டம் அலைமோதும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ் கலவை) கடை இருந்த இடத்தில், காலையில் போய் நின்றால் வெறும் நடைபாதைதான்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது மூன்று இடங்கள்: மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, பாரிமுனை. மூன்றும் பறக்கும் ரயில் பாதையிலேயே இருக்கின்றன. திருமயிலையில் ஏறினால் திருவல்லிக்கேணி, அதே வண்டியில் கடைசி வரை போனால் பாரிமுனைக்குப் பக்கத்துக் கடற்கரை நிலையம். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

காலை டிபனுக்குப் போட்டி மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸுக்கும் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேவுக்கும். ராயர் மெஸ் அருண்டேல் தெருவில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. சின்ன இடம், கொஞ்சம் பேர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். இட்லி, வடை, பொங்கல், தோசை, காபி என்று பட்டியலும் சின்னதுதான். ஆனால் அந்தக் கெட்டிச் சட்னி! பச்சை மிளகாய்க் காரத்தோடு, தண்ணீர் விட்டு நீட்டாமல், இலையில் வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். இரண்டாவது இட்லிக்கும் அதையே கேட்காமல் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

ரத்னா கஃபேயின் பெருமை சட்னியில் இல்லை, சாம்பாரில் இருக்கிறது. 1948-இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பம் தொடங்கிய கடை, சென்னையின் சாம்பார் இட்லிக்கே அடையாளமாகிவிட்டது. இட்லியைத் தட்டில் வைத்து, மேலே சாம்பாரை ஊற்றிக்கொண்டே போவார்கள். இட்லி மூழ்கும். ஸ்பூனால் வெட்டினால் உள்ளே வரை சாம்பார் இறங்கியிருக்கும். குறைந்தால் மறுபடி ஊற்றுவார்கள்.

இரண்டில் எது? வயதானவர்கள் கூட வந்தால் யோசிக்காமல் ரத்னா. மேஜை நிறைய, நாள் முழுக்க டிபன் கிடைக்கும், தாமதமாக எழுந்தாலும் கவலையில்லை. ஆனால் இரண்டே பேர், காலை ஏழு மணிக்குக் கிளம்பத் தயார் என்றால் நான் மயிலாப்பூருக்குத்தான் அனுப்புவேன். கபாலீசுவரர் கோயில், மாட வீதிப் பூக்கடைகள், அப்புறம் காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க். எல்லாமே நடக்கிற தூரம். சாப்பாட்டோடு ஊரையும் பார்த்த மாதிரி ஆகும்.

மதியத்துக்கு அதிகம் அலச வேண்டியதில்லை. மீன் சாப்பிடுகிறவர்கள் சேப்பாக்கம் நாயர் மெஸ்ஸுக்குப் போகட்டும். 1961-இலிருந்து இருக்கிற கடை, இலை போட்டு, மீன் குழம்பும் வஞ்சிர வறுவலும். சைவம் என்றால் லேசாக ஏதாவது போதும், மாலைக்கு வயிற்றில் இடம் வேண்டும்.

மாலைதான் உண்மையான குழப்பம், ஏனென்றால் பாரிமுனையில் இரண்டு உலகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒருபுறம் வட இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் சௌகார்பேட்டை. மின்ட் தெருவில் காகடா ராம்பிரசாத்தின் சூடான ஜிலேபி, பாதாம் பால், சாட் கடைகள். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை. பெரிய கல் முழுக்கச் சின்னச் சின்ன ஊத்தப்பங்கள், மேலே பொடி, அதற்கு மேல் நெய். நெய் கல்லில் பட்டுப் பொரியும் வாசனை தெரு முனையிலேயே பிடிக்கும். சுத்த சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல மாலை இந்த ஊரில் இல்லை.

மறுபுறம், கடற்கரை நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ கடைகள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் தேசியமயமானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-இல் உருவானது பர்மா பஜார். அந்த மக்கள் கொண்டுவந்த கைப்பக்குவம்தான் அத்தோ. பர்மிய மொழியில் கலவை என்று பொருள்.

கலப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, நறுக்கிய கோஸ், வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கடைசியில் தட்டை போல எண்ணெயில் பொரித்த ஒன்றை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப். புளிப்பும் காரமும் மொறுமொறுப்பும் ஒரே வாயில் வரும்.

சௌகார்பேட்டையின் ஜிலேபியையும் சாட்டையும் வடக்கே எங்கே போனாலும் சாப்பிடலாம். அத்தோவை அப்படிச் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் என் ஓட்டு அத்தோவுக்கு. முட்டை வேண்டாம் என்றால் இல்லாமலே கலந்து தருவார்கள். ஆனால் முட்டையும் அசைவமும் புழங்கும் இடம்தான், அதில் கண்டிப்பாக இருப்பவர்கள் சௌகார்பேட்டைக்கே போகட்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் சண்டை வேண்டாம்: முதலில் சீனா பாயிடம் ஆளுக்கொரு ஊத்தப்பம், பிறகு பதினைந்து இருபது நிமிட நடையில் அத்தோ.

ஒன்று மட்டும். போன தடவை என் அத்தை குடும்பத்தை, உட்கார வசதியாக இருக்குமே என்று ஒரு பெரிய ஏ.சி. ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து ஆறிப்போன தோசை வந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை செகண்ட் லைன் பீச்சில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தச் சொல்லுப்பா" என்றார்.