கடற்கரைப் பக்கம் அலுமினிய யன்னல் போடப் போகிறீர்களா? ஸ்க்ரூவைப் பாருங்கள்

நேற்று எங்கள் ஒழுங்கையில் இன்னொரு வீட்டு வாசலில், எங்களுக்கு அலுமினிய யன்னல் போட்டவரின் அதே சின்ன லொறி நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆளின் பெயரைப் போடப் போவதில்லை, செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா காலத்துத் தேக்கு யன்னல்கள் மழைக்கு ஊதி, இழுத்தாலும் வராமல் நின்றன. ஏப்ரலில் அவற்றைக் கழற்றிவிட்டு அலுமினிய ஸ்லைடிங் யன்னல் நாலும் பல்கனிக்கு ஒரு பெரிய கதவும் போடச் சொன்னேன். "கடல் காத்துக்கு இதுதான் அண்ணை. இருவது வருசத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்றார் வந்தவர். கொட்டேஷனில் ஒரே ஒரு வரி: யன்னல் 4, கதவு 1, கூலியோடு 420,000 ரூபாய். 300,000 முற்பணம் கொடுத்தேன். நான் மும்முரமாகப் பார்த்தது நிறத்தைத்தான்; கறுப்பா, மண்ணிறமா என்று வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம் வேறு.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. வீடு முழுக்க வினாகிரி மணம். புது சிலிக்கன் அப்படித்தான் மணக்கும் என்றார்கள், நம்பினேன்.

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கியது. முதல் பெருமழைக்கே யன்னலின் கீழ்த் தண்டவாளம் நிரம்பி, தண்ணீர் ஹோலுக்குள் வழிந்தது. போன் எடுத்தால் "நாளைக்கு வாறன் அண்ணை". அந்த நாளை ஜூலை வரைக்கும் வரவில்லை. ஆகஸ்டில் ஸ்க்ரூ ஒவ்வொன்றின் அடியிலும் செம்மண் நிறத்தில் கறை இறங்கியது, சுற்றிலும் வெள்ளைப் பொடி.

தெஹிவளையிலிருந்து யன்னல் வேலை செய்யும் வேறொரு பாஸைக் கூட்டி வந்தேன். அவர் முதலில் கேட்டது பிரிட்ஜில் ஒட்டும் காந்தம். ஸ்க்ரூவில் வைத்தார், 'டக்' என்று பிடித்துக்கொண்டது. சாதாரண இரும்பு, மேலே மெல்லிய துத்தநாகப் பூச்சு. அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும் என்றார். கடலுக்கு இவ்வளவு கிட்ட 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போட வேண்டுமாம். 304கூட நாளடைவில் கறை பிடிக்கும்.

அடுத்தது தண்டவாளம். மழைநீர் வெளியே போக அதன் வெளிப்பக்கத்தில் துவாரம் இருக்க வேண்டும். எங்கள் யன்னல்களில் ஒன்றுகூட இல்லை. வினாகிரி மணத்துக்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. அந்த வகை சிலிக்கனில் அமிலம் வெளிவரும், சீமெந்துச் சுவரில் சரியாக ஒட்டாது. நகத்தால் இழுத்தேன், நாடாவாகக் கழன்று வந்தது. மணமில்லாத 'நியூட்ரல்' வகை கேட்டு வாங்க வேண்டியதாம். 6 மி.மீ. என்று வாயால் சொன்ன கண்ணாடியைக் கழற்றி அளந்தால் 5. ரப்பருக்குள் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும்?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு (போன் இலக்கம் 1977) போன் போட்டேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டுமாம். நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. "நாளைக்கு வாறன்" எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

புது பாஸ் துவாரம் போட்டு, ஸ்க்ரூ மாற்றி, சிலிக்கனைச் சுரண்டி மறுபடி அடித்துத் தந்தார். கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டேன், இனிச் செலவழிக்க முடியாது. இப்போது கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுகிறோம். தண்டவாளத்துக்கு எண்ணெய் விடுவதில்லை, விட்டால் மணல் பிடித்துச் சில்லு இறுகும்.

போகும்போது அவர், "பழைய தேக்கு நிலையெல்லாம் எங்க சேர்?" என்று கேட்டார். "குப்பைக்குத்தானே, நாங்களே ஏத்திக்கொண்டு போறம், காசு வேண்டாம்" என்று முதல் ஆள் சொன்னதையும், நான் நன்றி சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியதையும் சொன்னேன். பாஸ் ஒன்றும் பேசாமல் தலையைச் சொறிந்தார். அதன் விலை என்னவாக இருக்கும் என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.