கற்பனை ராக்கெட்டா, உண்மைப் பயணமா?

சிறு குழந்தைக்கு விண்வெளிப் பயணத்தை அறிமுகப்படுத்தும் படப் புத்தகங்களில் இரு வகை உண்டு. கற்பனைக் கதையில் முயல்குட்டி அட்டைப்பெட்டி ராக்கெட்டில் ஏறி, அடுத்த பக்கத்திலேயே நிலவை அடைந்துவிடும். நிலாவில் வடை சுடும் பாட்டியைத் தேடிப் பழகிய மூன்று வயதுக்கு அது போதும்.

உண்மைப் பயணத்தைச் சொல்லும் புத்தகத்தில் கிடைப்பது வேறு. 1969 ஜூலை 16 அன்று புறப்பட்ட அப்பல்லோ 11 பயணத்தை அது படங்களாக விரிக்கும்போது, சுமார் 110 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன் 5 ராக்கெட் எரிபொருள் தீர்ந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு மேலே செல்வதையும், நான்கு நாள் கழித்து ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியபோது மைக்கேல் காலின்ஸ் தனியே அதைச் சுற்றிவந்ததையும் குழந்தை விரலால் தொட்டுத் தொடர்கிறது. ஐந்து வயது மகள் காலின்ஸின் சன்னலில் விரலை வைத்து, "இந்த மாமா மட்டும் ஏம்ப்பா இறங்கல?" என்று கேட்டாள். தாய்க்கலத்தை ஓட்ட ஒருவர் வேண்டுமே என்றேன். அப்படியொரு கேள்வியை முயல்குட்டி எழுப்பியதில்லை.

எனவே, ஐந்து வயதுக்கு உண்மைப் புத்தகத்தையே தேர்ந்தெடுப்பேன். அதிலும் பக்கம் நிறைய எழுத்துள்ளதைத் தவிர்த்து, காற்றில்லாத நிலவில் அழியாத காலடித் தடத்தைப் பெரிதாக வரைந்துள்ளதை எடுப்பேன்.